தெருவில் நிற்கும் கார்: பக்கத்து வீட்டைப் பகையாக்கும் தவறுகள்

மூன்று வருடங்களுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சென்னை மடிப்பாக்கத்தில் எங்கள் தெருவில் நிறுத்தியிருந்த என் காரின் இடது பக்கம், முன்கதவில் தொடங்கிப் பின்கதவு வரைக்கும் ஒரு கீறல். முந்தின நாள் இரவுதான் எதிர்வீட்டுக்காரர், "சார், எங்க கேட்டை ஒட்டி விட்டிருக்கீங்க, கொஞ்சம் தள்ளிப் போடுங்க" என்று சொல்லியிருந்தார். நான் அரை அடி நகர்த்திவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். காலையில் கீறலைப் பார்த்ததும் எனக்கு வேறு யார் முகமும் நினைவுக்கு வரவில்லை. நேராகப் போய் அவர் கேட்டைத் தட்டினேன். பேசக் கூடாததையெல்லாம் பேசினேன். அவருடைய மனைவி கையில் பால் பாக்கெட்டோடு வாசலிலேயே நின்றுவிட்டார்.

மதியம் மூன்றாவது வீட்டு கேமராவில் பார்த்தோம். காலை ஐந்தே முக்காலுக்குத் தண்ணீர் கேன் போடும் பையனின் வண்டி எங்கள் காருக்கும் கரண்ட் கம்பத்துக்கும் நடுவில் புகுந்து போகிறது. கேன் மாட்டும் இரும்புக் கம்பி காரில் உரசியிருக்கிறது. அவனுக்கே அது தெரிந்த மாதிரி இல்லை. எதிர்வீட்டில் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் பெரிய மனதோடு விட்டுவிட்டார். அந்த அம்மா என் மனைவியிடம் திரும்பப் பேச எட்டு மாதம் ஆனது.

இந்தக் கட்டுரையில் இருப்பதில் பாதி, அந்தக் காலையில் நான் செய்த தவறுகள்.

கீறலைப் பார்த்ததும் ஆளை முடிவு செய்வது

முதலில் கீறலைப் பாருங்கள், அப்புறம் மனிதர்களைப் பார்க்கலாம். சாவியாலோ ஆணியாலோ வேண்டுமென்றே கிழித்த கோடு பெரும்பாலும் மெல்லியதாக, ஆழமாக இருக்கும். கை போகிற போக்கில் ஏறி இறங்கும், கதவு இடுக்கைத் தாண்டியும் தொடரும். வண்டி உரசினால் அது பட்டையாகவும் தரைக்கு இணையாகவும் போகும். ஹேண்டில் ரப்பர் பட்டிருந்தால் கறுப்புத் தடம் இருக்கும், வேறு வண்டியின் பெயிண்ட் ஒட்டியிருந்தால் ஈரத்துணிக்கே கொஞ்சம் வரும். தரையிலிருந்து கீறல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்து பாருங்கள். பைக் ஹேண்டில் உயரமா, சைக்கிள் பெடல் உயரமா, நிற்கிற ஆளின் கை உயரமா என்று அதுவே பாதி சொல்லிவிடும். மேற்கூரை நசுங்கியிருந்தால் மேலே தென்னை மரம் இருக்கிறதா என்று பாருங்கள். வண்டி ஸ்டார்ட் ஆகாமல் வயர் அறுந்திருந்தால் பானட்டுக்குள் எலிப் புழுக்கை இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரர் மேல் விழுந்த பழிகளில் எத்தனையோ எலி செய்த வேலைதான்.

நகத்தால் கீறலின் குறுக்கே தடவினால் இன்னொன்று தெரியும். நகம் தட்டாமல் வழுக்கிப் போனால் மேல் பூச்சில்தான் காயம், பாலிஷிலேயே பெரும்பாலும் போய்விடும். நகம் தட்டினால் பெயிண்ட் வேலைதான். எவ்வளவு கோபப்படலாம் என்பதையும் இதைப் பார்த்த பிறகு முடிவு செய்துகொள்ளலாம்.

"என் வீட்டு முன்னால், என் இடம்"

எல்லாச் சண்டையும் இங்கேதான் முளைக்கிறது. ஒருவர் "சொத்து வரி கட்டுகிறேன்" என்பார், இன்னொருவர் "ரோடு டாக்ஸ் கட்டுகிறேன்" என்பார். இரண்டு வரியும் தெருவில் ஓர் இடத்தை யாருக்கும் எழுதித் தருவதில்லை. காம்பவுண்ட் சுவருக்கு வெளியே இருப்பது பொதுச் சாலை. அங்கே கல் போடுவது, மணல் மூட்டை வைப்பது, பூந்தொட்டி அடுக்குவது, கடையில் வாங்கிய 'நோ பார்க்கிங்' பலகையை நிறுத்துவது எதற்கும் சட்ட பலம் கிடையாது. அனுமதியில்லாமல் இப்படி வைப்பவர்கள் மீது நடவடிக்கை எடுப்போம் என்று சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2024-இல் எச்சரித்தது.

அதற்காக எங்கே வேண்டுமானாலும் விடலாம் என்று அர்த்தமில்லை. ஒரு வீட்டின் நுழைவாயிலை மறித்து வண்டியை விடுவது தவறுதான். பொதுவழிக்கு இடைஞ்சல் செய்தால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற இப்போதைய தண்டனைச் சட்டத்தின் 285-வது பிரிவில் ரூ.5,000 வரை அபராதம் உண்டு. சுவரை ஒட்டி விடலாம், கேட்டை மறித்து விடக் கூடாது. நடுவில் மாட்டிக்கொள்வது அந்த அரை அடிதான். வளைந்து வெளியே வர எவ்வளவு இடம் வேண்டும் என்பது அந்த வீட்டில் வண்டி ஓட்டுபவருக்குத்தான் தெரியும். அவர் கேட்டால் ஓர் அடி கூடுதலாகவே நகர்த்திவிடுங்கள். இதைத் தாமதமாகக் கற்றுக்கொண்டேன்.

நம் ஊரில் இன்னொரு விஷயமும் இருக்கிறது, கோலம். விடியற்காலையில் வாசல் தெளிக்க வரும் பெண்ணுக்குத் தன் வீட்டுப் படிக்கு நேராக ஒரு பம்பர் நிற்பதைப் பார்த்தால் மனம் சுருங்கத்தான் செய்யும். சட்டத்தில் அந்த இடம் அவருடையது இல்லை. ஆனால் தினமும் அங்கே குனிந்து புள்ளி வைக்கிறவர் அவர். மார்கழி மாதத்தில் மட்டுமாவது நாலு அடி தள்ளி விட்டுப் பாருங்கள், தெருவே மாறும்.

அகலத்தைக் கணக்குப் போடாமல் விடுவது

நம் குடியிருப்புப் பகுதிகளில் இருபது அடித் தெருக்கள் ஏராளம். இருபது அடி என்றால் சுமார் 6 மீட்டர். ஒரு சின்னக் காரின் அகலம் 1.7 மீட்டர். இரண்டு பக்கமும் நேருக்கு நேர் நிறுத்தினால் 3.4 மீட்டர் போய்விடும், மிச்சம் 2.6. தீயணைப்பு வண்டியே சுமார் இரண்டரை மீட்டர் அகலம். சுவரிலிருந்து தள்ளி நிற்கும் கார், நீட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடி, கரண்ட் கம்பம் எல்லாம் சேர்ந்தால் அது உள்ளே வர முடியாது. எதிரே ஏற்கெனவே ஒரு கார் நின்றால் அதற்கு நேராக விடாதீர்கள். தெருவே கூடி ஒரே பக்கம் என்று முடிவு செய்வது இன்னும் நல்லது. கார் வாங்குவதற்கு முன்பே நிறுத்த இடம் இருப்பதைக் காட்டச் சொல்லும் சட்டத்தை ஜப்பான் 1962-லேயே கொண்டுவந்துவிட்டது. நாம் முதலில் காரை வாங்குகிறோம், இடத்தை அப்புறம் தேடுகிறோம்.

பதிலுக்குப் பதில்

காற்றைப் பிடுங்குவது, வைப்பரை வளைப்பது, பின்னால் வண்டியை ஒட்டி நிறுத்தி வெளியே வர முடியாமல் செய்வது. செய்கிறவருக்குப் பாடம் கற்பிக்கிற மாதிரி இருக்கும். வண்டிக்குச் சேதம் செய்தால் சட்டம் அதை 'சேதம் விளைவித்தல்' என்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 324-வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை உண்டு. இழப்பு ரூ.20,000-ஐத் தொட்டால் இரண்டு வருடம் வரை, ஒரு லட்சமோ அதற்கு மேலோ என்றால் ஐந்து வருடம் வரை. இன்றைக்கு ஒரு பக்கக் கதவுகளோடு பின் கண்ணாடியையும் மாற்றினால் இருபதாயிரம் பெரிய தொகையே இல்லை.

சிறையை விடவும் நான் பயப்படுவது வேறொன்றுக்கு. 2025 மார்ச்சில் மொகாலியில் வாகனம் நிறுத்தும் தகராறில் பக்கத்து வீட்டுக்காரர் தள்ளிவிட்டதில், ஏற்கெனவே சிறுநீரக மாற்று சிகிச்சை செய்துகொண்ட ஒரு விஞ்ஞானி இறந்துபோனார். அதே வருடம் ஆகஸ்டில் டெல்லியில் வீட்டு வாசலில் நின்ற ஓர் இருசக்கர வாகனத்துக்காக ஒருவர் குத்திக் கொல்லப்பட்டார். தூங்கி எழுந்து பேசியிருந்தால் முடிந்திருக்கும் விஷயங்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் பார்க்கிங் பேச்சை எடுப்பதில்லை என்று எங்கள் வீட்டில் இப்போது ஒரு விதியே வைத்திருக்கிறோம்.

சேதம் உண்மையிலேயே நடந்திருந்தால்

இங்கே பலர் செய்யும் தவறு, வண்டியைக் கழுவிப் பாலிஷ் போட்டுவிட்டு அப்புறம் புகார் கொடுக்கப் போவது. வண்டி நிற்கிற இடத்திலேயே, நம்பர் பிளேட்டும் தெருவும் தெரிகிற மாதிரி படம் எடுங்கள். பிறகு கீறலைக் கிட்டத்தில், பக்கத்தில் ஓர் ஸ்கேலோ சாவியோ வைத்து எடுங்கள். கேமரா பதிவை அன்றைக்கே கேளுங்கள். வீட்டுக் கேமராக்கள் சில வாரங்களில் பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதிவிடும். திரையை போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும் என்று நினைக்காதீர்கள். பதிவை அப்படியே பென் டிரைவில் நகல் எடுங்கள். நீதிமன்றம் வரை போனால் பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி அதற்குச் சான்றிதழ் வேண்டும், கேமரா யாருடையதோ அவர் ஒத்துழைப்பும் வேண்டும். அதனால் மூன்றாவது வீட்டோடும் சண்டை போட்டு வைக்காதீர்கள்.

காவல் நிலையத்தில் மனு கொடுத்தால் மனு பதிவானதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வராதீர்கள். மனுவில் "இவர்தான் செய்தார்" என்று எழுதாமல், பார்த்ததை மட்டும் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு விட்டேன், எத்தனை மணிக்குப் பார்த்தேன், இவரோடு இந்தத் தேதியில் வாக்குவாதம் நடந்தது. பேசித் தீர்க்க இரண்டு பக்கமும் தயார் என்றால், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணில் கேட்டால் வழி சொல்வார்கள்.

இன்சூரன்ஸில் இரண்டு தவறுகள் நடக்கின்றன. மூன்றாம் நபர் பாலிசி மட்டும் வைத்திருந்தால் உங்கள் காருக்கு ஒரு பைசா வராது. முழு பாலிசி இருந்தாலும் உடனே க்ளெய்ம் செய்யக் கூடாது, கணக்குப் போட வேண்டும். சேதக் காப்பீட்டுப் பிரீமியம் ரூ.8,000, நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் செய்யாத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) 50 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு க்ளெய்ம் செய்தால் போனஸ் பூஜ்யம். பிறகு ஒவ்வொரு வருடமும் 20, 25, 35, 45 என்று ஏறித் திரும்ப 50-க்கு வரும். பிரீமியம் மாறாவிட்டால் இந்த இடைவெளியில் கூடுதலாகக் கட்டுவது ரூ.10,000. என் கீறலுக்கு மெக்கானிக் கேட்டது ரூ.7,000. நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு ரூ.1,000 போனால் இன்சூரன்ஸில் வந்திருப்பது ரூ.6,000. கையிலிருந்தே கொடுத்தேன்.

அபார்ட்மென்ட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்டில்ட் பார்க்கிங் (கட்டடத்துக்கு அடியில் தூண்களுக்கு நடுவே வண்டி விடும் இடம்) பொது இடம், பில்டர் அதைத் தனியாக விற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் சொல்லிவிட்டது. அதனால் "காசு கொடுத்து வாங்கினேன்" என்று சண்டை போடுவதற்கு முன், சங்கத்தில் எப்படி ஒதுக்கியிருக்கிறார்கள் என்று ஆவணத்தைப் பாருங்கள்.

கடைசியாக, மிகச் சின்னத் தவறு ஒன்று: கண்ணாடியில் போன் நம்பர் வைக்காமல் போவது. எங்கள் கார் டாஷ்போர்டில் இப்போது ஒரு அட்டை இருக்கிறது, பெரிய எழுத்தில் நம்பர் மட்டும். போன மாதம் காலை ஆறு மணிக்கு எதிர்வீட்டு அம்மா கூப்பிட்டார். "தம்பி, எங்களுக்குக் கட்டில் வருது, டெம்போ திரும்பணும்." லுங்கியோடு இறங்கிப் போய் எடுத்துவிட்டேன். டெம்போ போனதும் அந்த இடத்தில் அவர் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். "விட்டுக்கோங்க தம்பி, கோலம் அந்தப் பக்கம் போட்டுக்கிறேன்" என்றார்.