ஜெஃபர்சனின் கிரேக்கக் கடிதங்கள்: படிக்கும்போது கால் வழுக்கும் இடங்கள்

அமெரிக்காவின் மூன்றாவது அதிபர் தாமஸ் ஜெஃபர்சனுக்குப் பழைய கிரேக்கத்தின் மேல் பெரிய பக்தி என்று பலரும் எழுதுவார்கள். அந்த எண்ணத்தோடு அவருடைய கடிதங்களைத் திறப்பதுதான் முதல் தவறு. கவிஞர் ஹோமரையும் வரலாற்றாசிரியர் தூசிடிடீஸையும் அவர் விரும்பிப் படித்தது உண்மை. செய்தித்தாள்களை விட்டுவிட்டு டாசிடஸ், தூசிடிடீஸ், நியூட்டன், யூக்ளிட் என்று திரும்பிவிட்டேன், இப்போது நிம்மதியாக இருக்கிறேன் என்று 1812 ஜனவரியில் தனக்கு முந்தைய அதிபரான ஜான் ஆடம்ஸுக்கு எழுதியவர் அவர். ஆனால் இலக்கியத்தை ரசிப்பது வேறு, அந்த ஆட்சிமுறையை ஏற்பது வேறு.

அடமாண்டியோஸ் கொராயிஸுக்கு எழுதிய கடிதத்தைப் பாருங்கள். ஸ்மிர்னாவில் பிறந்து பாரிஸில் வாழ்ந்த கிரேக்க அறிஞர் இவர்; ஜெஃபர்சன் பாரிஸில் தூதராக இருந்தபோது சிறிது பழக்கம். 1821இல் துருக்கியருக்கு எதிராகக் கிரேக்கர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். புதிய நாட்டை எப்படி அமைப்பது என்ற கவலையில் கொராயிஸ் 1823 ஜூலையில் எழுத, அக்டோபர் 31 அன்று ஜெஃபர்சன் நீண்ட பதில் அனுப்பினார். உங்கள் முன்னோரைப் பின்பற்றுங்கள் என்றுதானே எதிர்பார்ப்போம்? இல்லை. ஏதென்ஸில் ஒரு நகரத்து மக்கள் தங்களுக்குக் கீழ்ப்பட்ட நாடு முழுவதற்கும் சட்டம் போட்டார்கள் என்கிறார். ஸ்பார்டாவோ, உழைக்கும் மக்களை அடிமைகளாக்கி, துறவிகளைப் போல வாழ்ந்த படைவீரர்கள் நடத்திய ஆட்சி. இவை இந்தக் காலத்துக்கு ஆகாது. மக்கள் தாங்களே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் மூலம் ஆள்வதுதான் வழி என்று சொல்லி, அமெரிக்க மாநிலங்களின் அரசியல் சட்டங்களை விவரிக்கிறார். (ஸ்பார்டாவின் அடிமைமுறையைச் சாடியவர், வாழ்நாளில் அறுநூறுக்கும் மேற்பட்ட அடிமைகளை வைத்திருந்தவர். இதை விழுங்கிவிட்டு அந்தக் கடிதத்தைப் புகழ்வது சரியல்ல.)

கொராயிஸுக்காகச் சொன்ன சமாதானமும் அல்ல இது. 1816இல் ஐசக் டிஃப்பனி என்பவருக்கு எழுதும்போதே, பிரதிநிதித்துவ ஆட்சி வந்தபின் அரிஸ்டாட்டிலின் அரசியல் நூல்கள் தொலைந்திருந்தால்கூடப் பெரிதாக வருந்த வேண்டியதில்லை என்கிற அளவுக்குப் போய்விட்டார்.

அடுத்தது, ஆண்டைக் கவனிக்காமல் விடுவது. கொராயிஸ் கடிதத்தை 'அமெரிக்க அதிபர் கிரேக்கத்துக்குத் தந்த ஆதரவு' என்று எழுதிவிடுகிறார்கள். ஜெஃபர்சன் பதவியை விட்டது 1809இல். 1823இல் அவருக்கு எண்பது வயது. அதிபர் ஜேம்ஸ் மன்றோ. உதவி கிடைக்காது என்பதும் அந்தக் கடிதத்திலேயே இருக்கிறது: கிரேக்கரின் போராட்டம் புனிதமானது, எங்கள் இளைஞர்களுக்கும் அதில் இறங்க ஆசைதான், ஆனால் ஐரோப்பியச் சண்டைகளில் தலையிடுவதில்லை என்பது எங்கள் அரசின் அடிப்படைக் கொள்கை என்கிறார். ஒரே வாரத்துக்கு முன்பு, அக்டோபர் 24 அன்று, இதே கொள்கையைத்தான் மன்றோவுக்கும் அறிவுரையாக எழுதியிருந்தார். இரண்டையும் சேர்த்துப் படிக்காவிட்டால் வாழ்த்து மட்டும் தெரியும், கைவிரிப்பு தெரியாது. டிசம்பரில் மன்றோ வெளியிட்ட, 'மன்றோ கோட்பாடு' என்று புகழ்பெற்ற அறிக்கையிலும் கிரேக்கருக்கு நல்வாழ்த்துதான் கிடைத்தது.

யாருக்கு எழுதினார் என்பதையும் பாருங்கள். 1814 ஜூலையில் ஆடம்ஸுக்கு எழுதிய கடிதத்தில் பிளேட்டோவின் 'குடியரசு' நூலைச் சிறுபிள்ளைத்தனம், புரியாத பிதற்றல் என்று கிழித்தெறிகிறார். ஆடம்ஸும் சளைக்கவில்லை: பிளேட்டோவிடம் கற்றது இரண்டே விஷயம், அதில் ஒன்று தும்மினால் விக்கல் நிற்கும் என்பது! இரண்டு கிழவர்களின் அரட்டை இது. ஆய்வுரையில் தூக்கி வைத்தால் அதன் சுவையும் போகும், பொருளும் மாறும்.

அப்புறம், போலி மேற்கோள்கள். ஐம்பத்தொரு சதவீதம் பேர் மீதிப் பேரின் உரிமையைப் பறிக்கும் கும்பலாட்சிதான் ஜனநாயகம் என்ற வரியை ஏதென்ஸ் பற்றிய கட்டுரைகளில் அவர் பெயரில் ஒட்டுகிறார்கள். அவர் எழுதியதாக எந்தச் சான்றும் இல்லை என்று ஜெஃபர்சனின் இல்லமான மான்டிசெல்லோவின் ஆய்வாளர்களே சொல்லிவிட்டார்கள். சந்தேகம் வந்தால் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் 'ஃபவுண்டர்ஸ் ஆன்லைன்' தளத்தில் இலவசமாகத் தேடலாம். கொராயிஸைத் தேடும்போது 'கொரே' (Coray) என்ற பிரெஞ்சு வடிவத்தையும் போட்டுப் பாருங்கள். ஜெஃபர்சன் அவரை அப்படித்தான் எழுதினார்.