ஒரே குழாயில் இரண்டு நீர்மட்டம்: நெய்வேலி போன்ற திறந்தவெளிச் சுரங்கங்களில் நிலத்தடி நீரைக் கண்காணிப்போர் தவிர்க்க வேண்டியவை

அளவு நாடாவைத் தப்பாகப் படிப்பது, தேதி எழுத மறப்பது, கிணற்று எண்ணை மாற்றிப் போடுவது இவையெல்லாம் இரண்டு மாதத்தில் தானாகத் திருந்திவிடும். அவற்றை விட்டுவிடலாம். புதிதாக வருகிறவர்கள் திரும்பத் திரும்பச் செய்து, ஆண்டுக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் தங்கிவிடும் தவறுகள்தான் இங்கே.

இரண்டு நீர்த்தாங்கிகளுக்கு ஒரே பீசோமீட்டர்

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலேயும் நீர் உண்டு, கீழேயும் உண்டு. இப்படி நீரைத் தேக்கி ஓடவிடும் மண் அடுக்குதான் நீர்த்தாங்கி. கீழே உள்ள மணல் அடுக்கில் நீர் அழுத்தத்தோடு அடைபட்டிருக்கிறது. மேலே உள்ள மண்ணை வெட்டி எடுக்கும்போது அதை அமுக்கி வைத்திருந்த பாரம் குறைந்துவிடும். நீர் சுரங்கத் தரையை மேலே தள்ளும். அதனால்தான் வெட்டுமுகத்துக்கு முன்னாலேயே ஆழ்குழாய்கள் போட்டு, இரவு பகலாக நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைக்கிறார்கள். எவ்வளவு குறைந்திருக்கிறது என்று சொல்ல வேண்டியது பீசோமீட்டர், அதாவது ஓர் அடுக்கின் நீர்மட்டத்தை மட்டும் அளக்கப் போடும் கண்காணிப்புக் குழாய்.

சிக்கனம் என்று சொல்லி, ஒரே துளையில் மேல் அடுக்குக்கும் கீழ் அடுக்குக்கும் ஸ்லாட் குழாய் (நீர் உள்ளே வரக் கீறல் போட்ட குழாய்) இறக்கிவிடுகிறார்கள். குழாயில் நிற்பது இந்த அடுக்கின் மட்டமும் இல்லை, அந்த அடுக்கின் மட்டமும் இல்லை. எந்த அடுக்கில் நீர் எளிதாக ஓடுகிறதோ அந்தப் பக்கம் சாய்ந்த ஒரு கலப்பு எண்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சுரங்கச் சரிவில் கசிந்து வடிந்துபோன மேல் அடுக்கின் மட்டம் கடல் மட்டத்துக்கு 25 மீட்டர் கீழே, நீர் கடத்துதிறன் (அடுக்கு முழுவதும் சேர்ந்து நீரை எவ்வளவு எளிதாக ஓடவிடுகிறது என்ற அளவு) நாளுக்கு 200 சதுர மீட்டர். கீழ் அடுக்கின் உண்மையான மட்டம் 5 மீட்டர் கீழே, கடத்துதிறன் 300. குழாயில் தெரிவது 13 மீட்டர் கீழே. 8 மீட்டர் நீர், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 0.8 கிலோ அழுத்தம், பதிவேட்டில் காணாமல் போய்விட்டது. அதை அடக்கி வைக்கவே சுமார் 4 மீட்டர் களிமண் வேண்டும். மேல் அடுக்கின் மட்டம் உயர்ந்திருந்தால் தவறு எதிர்த் திசையில் போகும்: தேவையில்லாமல் கூடுதல் பம்ப் ஓடும், கிராமத்துக் கிணறுகள் வீணாக இறங்கும். இது போதாதென்று, அந்தக் குழாயே இரண்டு அடுக்குகளையும் இணைக்கும் ஓட்டையாகிவிடுகிறது. அளக்கப் போட்டது, அளக்க வேண்டியதையே கெடுக்கிறது.

ஸ்லாட்டை ஒரே அடுக்கில் வைத்தாலும், குழாய்க்கும் துளைச் சுவருக்கும் நடுவே அடைக்கும் சீல் சரியில்லை என்றால் கதை இதேதான். 100 மி.மீ. குழாய்க்குத் துளை 200 மி.மீ. இருக்கட்டும், இடுக்கு குறுகினால் ஸ்லாட்டைச் சுற்றிப் போடும் கிரேவல் (சரளை) நடுவழியில் சிக்கி நிற்கும். ஸ்லாட் 3 மீட்டர் போதும். கிரேவல் அதற்கு மேல் 1 மீட்டர் வரை. எடை கட்டிய நாடாவை இறக்கி உறுதி செய்யுங்கள். அதன்மேல் குறைந்தது 2 மீட்டர் பெண்டோனைட் (நீரில் உப்பும் களிமண்) உருண்டை, ஊறி உப்ப நேரம் கொடுங்கள். பிறகு சிமெண்ட் கலவை. அதைத் தரையிலிருந்து கொட்டாதீர்கள். சிறு குழாயை அடிவரை விட்டு, கீழிருந்து மேலாக நிரப்புங்கள்.

களிமண் அடுக்கு எங்கே என்பதை, துளை போடும்போது மேலே வரும் மண் துகளை (சக்கையை) மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. 100 மீட்டர் ஆழத்திலிருந்து சேற்றோடு வரும் சக்கை தாமதித்துத்தான் வரும். குழாய் இறக்கும் முன், துளைக்குள் கருவியை இறக்கி ஆழம் ஆழமாக மண்ணின் மின்தடையைப் பதியும் மின் லாக் எடுங்கள்.

பழைய குழாய் மேல் சந்தேகமா? ஆழம் ஆழமாக மின்கடத்துதிறன் அளந்து பாருங்கள். குழாய்க்குள் ஓட்டம் இருந்தால் ஓர் ஆழத்தில் எண் சட்டென்று மாறுவது பல நேரம் தெரியும். கலப்புதான் என்று உறுதியானால், அடிமுதல் சிமெண்ட் கலவையால் அடைத்துவிட்டுப் பக்கத்தில் தனித்தனியாக இரண்டு போடுங்கள்.

காற்றழுத்தத்தை மறப்பது

குழாய்க்குள் தொங்கவிட்டு நீர் அழுத்தத்தைத் தானாகப் பதியும் கருவிதான் லாகர். வெளிக்காற்றோடு இணைக்கும் காற்றுக்குழல் இல்லாத லாகர், நீரோடு சேர்த்துக் காற்றின் அழுத்தத்தையும் பதிகிறது. 1 மில்லிபார் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் நீர். வடகிழக்குப் பருவத்தில் ஒரு தாழ்வு மண்டலம் வந்தால் 10 சென்டிமீட்டர் மாற்றம் சும்மா வரும். மேலே ஒரு காற்றழுத்த லாகர் வைத்துக் கழியுங்கள்.

அளவைப் புள்ளி

நீர் ஆழத்தை அளக்கத் தொடங்கும் இடம் குழாயின் வாய். குழாயை வெட்டினாலோ நீட்டினாலோ அன்றே அந்த வாயின் உயரத்துக்கு மறுபடி லெவல் எடுங்கள்.

எல்லாக் கிணற்றையும் குழியைச் சுற்றியே போடுவது

நீர் ஊறும் மேற்குப் பக்கத்திலும், கடலோரத்துக்குப் போகும் கிழக்குப் பக்கத்திலும் கிணறு இல்லையென்றால், மட்டம் இறங்கியதற்குச் சுரங்கம் காரணமா, மழைக்குறைவு காரணமா, விவசாய மோட்டார் காரணமா என்று பிரிக்க முடியாது. வெட்டத் தொடங்கும் முன் குறைந்தது ஒரு முழு ஆண்டுப் பதிவு வேண்டும். ஜனவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் என்று ஆண்டுக்கு நாலு அளவு மாவட்ட நிலவரத்துக்குச் சரி. சுரங்கத் தரைக்குப் போதாது.

மூடி

பூட்டுப் போடுங்கள்.

தேங்கிய நீரை மாதிரியாக எடுப்பது

100 மி.மீ. குழாயில் மீட்டருக்கு 7.85 லிட்டர். 40 மீட்டர் நீர் நின்றால் 314 லிட்டர். அதுபோல மூன்று மடங்கு, அதாவது 940 லிட்டருக்கு மேல் இறைத்து, மின்கடத்துதிறனும் பிஎச்சும் நிலைத்த பிறகே பாட்டிலை நிரப்புங்கள். கரைந்த உலோகங்களுக்கு என்றால் 0.45 மைக்ரான் வடிகட்டி முதலில், நைட்ரிக் அமிலம் பிறகு. மாற்றிச் செய்தால், மிதக்கும் களிமண்ணில் ஒட்டியிருந்த இரும்பும் கரைந்து, நிலத்தடி நீரில் இல்லாத இரும்பு அறிக்கையில் வந்துவிடும்.