தகப்பன் பெயர் இல்லாத பிறப்புச் சான்றிதழ்: விக்டோரியா கால முன்னோரைத் தேடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1860-களில் இங்கிலாந்தில் லங்காஷயரின் ஒரு பஞ்சாலை ஊரில், தறி ஓட்டும் மணமாகாத பெண்ணுக்கு ஓர் ஆண் குழந்தை பிறக்கிறது. வளர்ந்ததும் கப்பலேறி ஆஸ்திரேலியா போய்விடுகிறான். அவன் வம்சத்தில் வந்தவர்கள் இன்று மெல்போர்னில் இருந்துகொண்டு அவனைத் தேடுகிறார்கள். இந்த மாதிரித் தேடல்கள் சிலவற்றில் கூட இருந்து உதவியிருக்கிறேன். காகிதம் கிடைக்காமல் தேடல் நின்றுபோனதைவிட, கிடைத்த காகிதத்தை அப்படியே நம்பித் தடம் மாறிப்போனதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

முதலில் சறுக்கும் இடம் கல்யாணச் சான்றிதழ். 1837-இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசுப் பதிவு தொடங்கியதிலிருந்து, மணமக்களின் தகப்பன் பெயரும் தொழிலும் அதில் எழுதப்பட்டன. யாரும் அதைச் சரிபார்க்கவில்லை; மாப்பிள்ளை சொன்னதை எழுதிக்கொண்டார்கள். பாதிரியார் முன்னால், பெண்வீட்டார் முன்னால் நின்று "எனக்குத் தகப்பன் யாரென்று தெரியாது" என்று சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்? சிலர் தாத்தா பெயரைச் சொன்னார்கள். சிலர் அம்மாவைப் பிற்பாடு கட்டியவர் பெயரைச் சொன்னார்கள். இல்லாத ஒருவரை உண்டாக்கி "இறந்துவிட்டார்" என்று சொன்னவர்களும் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணி அப்படி எழுதப்பட்ட ஒரு நெசவாளியை நான்கு வருஷம் தேடினார். கடைசியில் பார்த்தால் அவர் பையனின் தாய்வழித் தாத்தா. அதனால் எந்தக் காகிதம் கைக்கு வந்தாலும், இதைச் சொன்னது யார், அப்படிச் சொல்ல அவருக்கு என்ன காரணம் இருந்திருக்கும் என்று முதலில் கேளுங்கள்.

அடுத்தது பிறப்புப் பதிவு. பையன் பிற்பாடு மாற்றாந்தகப்பன் பெயரில் வாழ்ந்திருப்பான். பதிவோ தாயின் குடும்பப் பெயரில் இருக்கும். இங்கிலாந்துப் பதிவு அலுவலகத்தின் இணைய அட்டவணையில் தாயின் பிறந்தவீட்டுப் பெயருக்கு ஒரு கட்டம் உண்டு. தாய் பெயரிலேயே பதிவான பிள்ளைக்கு அந்தக் கட்டம் பெரும்பாலும் காலியாக இருக்கும். அதில் பெயரை நிரப்பித் தேடினால் சரியான பதிவு கண்ணில் படாமலே போய்விடும். காலியாக விட்டுத் தேடுங்கள். அப்படியும் கிடைக்கவில்லை என்றால் பதிவே ஆகாமலும் இருந்திருக்கலாம். பிறப்பைப் பதியாத பெற்றோருக்கு அபராதம் என்பது 1875-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அப்போது தேவாலய ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும்.

தகப்பன் கட்டம் காலி என்றால் தாய்க்கே தெரியாது என்று முடிவுகட்டுவது அநியாயம். 1875-க்குப் பிறகு, மணமாகாத தாயுடன் அந்த ஆளும் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் அவன் பெயர் ஏறும். வராதவன் அவன், காலிக் கட்டம் மட்டும் அவள் தலையில் விழுந்தது.

சில வருஷம் கழித்து அவள் கல்யாணம் செய்திருப்பாள். அந்தக் கணவனையே பிள்ளையின் தகப்பனாக எழுதிவிடுவது இன்னொரு தவறு. உண்மையாகவும் இருக்கலாம், ஆனால் கல்யாணம் மட்டுமே அதற்குச் சான்று இல்லை. பிள்ளையின் நடுப்பெயர் ஒரு குடும்பப் பெயர் போல ஒலித்தால், அது தகப்பனுடையதாக இருக்க வாய்ப்புண்டு. அதையும் துப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 48 வயதுப் பெண்ணுக்கு 2 வயது மகன், அதே வீட்டில் 20 வயது மகள் என்று இருந்தால் கொஞ்சம் நிதானியுங்கள். பேரனை மகன் என்று சொல்லி வளர்த்த வீடுகள் நிறைய.

பலரும் தொடாமலே விடுவது பணத்தைப் பற்றிய காகிதங்கள். என் அனுபவத்தில் தகப்பன் பெயர் கிடைக்க நல்ல வாய்ப்புள்ள இடம் அதுதான். 1834-க்கு முன்னால், பிள்ளையின் செலவு ஊர்த் தேவாலய வட்டாரத்தின் தலையில் விழக்கூடாது என்று தாயை விசாரித்து, தகப்பனிடம் பத்திரம் எழுதி வாங்கினார்கள். 1834-இன் ஏழைகள் சட்டம் பாரத்தைத் தாய்மேல் தள்ளியது. 1844-இலிருந்து அவளே உள்ளூர் நீதிபதிகளிடம் போய் ஜீவனாம்சம் கேட்கலாம் என்று ஆனது. வாரத்துக்கு 2 ஷில்லிங் 6 பென்ஸ் வரை; 1872-இல் அது 5 ஷில்லிங் வரை உயர்ந்தது. அந்த நீதிமன்றக் குறிப்பேடுகள் கவுண்டி (இங்கிலாந்தின் மாவட்டம்) ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. பல இன்னும் இணையத்தில் ஏறவில்லை. கடிதம் எழுதிக் கேட்க வேண்டும். வழக்கு உள்ளூர்ச் செய்தித்தாளிலும் வந்திருக்கலாம். குழந்தை வொர்க்ஹவுஸ் எனப்படும் ஏழைகள் விடுதியில் பிறந்திருந்தால் அதன் சேர்க்கைப் பதிவேட்டையும் கேளுங்கள்.

அப்புறம் கப்பல். பிரிட்டனிலிருந்து புறப்பட்டவர்களின் பட்டியல்கள் பெரும்பாலும் 1890 முதல்தான் மிஞ்சியிருக்கின்றன. அதற்கு முன் போனவரை இறங்கிய இடத்தில் தேடுங்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலக் காப்பகத்தில் 1852 முதல் வந்திறங்கியவர்களின் பட்டியல் இருக்கிறது. நியூயார்க்கில் குடியேற வந்தவர்களைப் பதிந்த எல்லிஸ் தீவு நிலையம் 1892-இல்தான் திறந்தது. 1855 முதல் 1890 வரை அந்த வேலை காஸில் கார்டன் என்ற இடத்தில் நடந்தது. துறைமுக அதிகாரி பெயரை மாற்றிவிட்டார் என்ற வீட்டுக் கதையை நம்பாதீர்கள். பெரும்பாலும் மாற்றிக்கொண்டது கப்பலேறியவரேதான். வேறு பெயரில் வாழ இங்கிலாந்துச் சட்டத்தில் தடை இல்லை.

கனடாவுக்குச் சிறுவனாகப் போயிருந்தால் அநாதை என்று எழுதிவிடாதீர்கள். 1869-இலிருந்து சுமார் ஒரு லட்சம் பிள்ளைகளை அமைப்புகள் அனுப்பிவைத்தன. அவர்களில் பலருக்குத் தாய் உயிரோடு இருந்தாள்.

மரபணுச் சோதனை செய்வதானால் வீட்டிலேயே மூத்தவருக்குச் செய்யுங்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் அந்த முன்னோரின் பங்கு ஏறக்குறையப் பாதியாகிறது. ஆனால் மாதிரி எடுப்பதற்கு முன்னால் என்ன வெளிவரக்கூடும் என்பதை அவரிடம் சொல்லிவிடுங்கள். அந்தத் தலைமுறை இதை மூடிவைத்தே வளர்ந்தது. வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். காப்பகத்துக்கு எழுதும் கடிதத்துக்கு யார் சம்மதமும் தேவையில்லை.