வரைவுச் சட்டத்துக்குக் கருத்து எழுதுவது எப்படி: சத்துவாச்சாரி மனு மேஜையிலிருந்து

திங்கட்கிழமை என்றால் வேலூர் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ் பக்கம் நான் மனு எழுதும் மேஜை காலை எட்டு மணிக்கே நிறைந்துவிடும். பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன், அண்ணன் தம்பி பாகத் தகராறு. ஒரு திங்கட்கிழமை குடியாத்தம் பக்கத்துக் கூத்து வாத்தியார் ஒருவர் வந்தார். கையில் மனு இல்லை, போன் இருந்தது. அவர் ஜமா (கூத்துக் குழு) ஆடிய கூத்தை விடிய விடிய யாரோ படம்பிடித்து யூடியூபில் போட்டிருக்கிறார்கள்.

"இன்னா சார் இது? ராத்திரி முச்சூடும் ஆடறது நாங்க. அவன் உக்காந்துகினு புடிச்சுகினு போயி துட்டு பாக்கறான். திருட்டு வீடியோவுக்குப் புதுச் சட்டம் வந்துருக்குதாமே, அதுல ஒரு மனு எழுதிக் குடுங்க."

2023-ல் நிறைவேறிய ஒளிப்பதிவுத் திருத்தச் சட்டத்தைச் சொன்னார். அது சினிமாவுக்கான சட்டம், கூத்துக்கு அதில் இடமில்லை என்று சொல்லிப் புரியவைக்க அரை மணி நேரம் ஆனது. உடனே கேட்டார்: "போடறதுக்கு முன்னாடி எங்களாண்ட கேட்டாங்களா?"

கேட்டார்கள். 2021 ஜூன் 18-ம் தேதி வரைவை வெளியிட்டு, ஜூலை 2-க்குள் பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்றார்கள். பதினான்கே நாள். அப்போது கொரோனா இரண்டாம் அலை. என் மேஜையே வீட்டுத் திண்ணையில்தான் கிடந்தது. அடுத்த வரைவு வரும்போது நாம் கோட்டை விடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் தேதியைப் பாருங்கள். பேப்பரில் வருவது செய்திதான். வரைவு முழுதாக இருப்பது அந்தந்த அமைச்சகத்தின் இணையதளத்தில். கடைசி நாள், அனுப்ப வேண்டிய மெயில் முகவரி இரண்டும் அந்த அறிவிப்பிலேயே இருக்கும். சட்டம் கொண்டுவரும் முன் வரைவைக் குறைந்தது 30 நாள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று 2014-லேயே மத்திய அரசு ஒரு கொள்கை வகுத்திருக்கிறது. அதற்குக் குறைவாகக் கொடுத்திருந்தால் உங்கள் கடிதத்தின் முதல் பத்தியில் அவகாசம் கேளுங்கள். ஆனால் அவகாசம் வரும் என்று காத்திருக்காமல் கருத்தையும் அதே கடிதத்தில் எழுதிவிடுங்கள்.

அடுத்தது பிரிண்ட். போனில் படித்தால் சட்டம் பிடிபடாது. ஜெராக்ஸ் கடையில் பெரிய எழுத்தில் எடுத்து, பச்சை, சிவப்பு என்று இரண்டு பேனா வைத்துக்கொள்ளுங்கள். யாரைக் காப்பாற்றுகிறது என்ற இடத்தில் பச்சை. யாரைப் பிடிக்கிறது என்ற இடத்தில் சிவப்பு.

சிவப்புப் பேனாவை நான் வலியுறுத்துவதற்குச் சொந்தக் கதை உண்டு. ஒரு காலத்தில் காட்பாடியில் சிடி கடை வைத்திருந்தேன். ஒரிஜினலும் விற்றேன், மற்றதும் விற்றேன். மறைத்து என்ன ஆகப்போகிறது? 2004-ல் தமிழ்நாட்டுக் குண்டர் சட்டத்தில் வீடியோ திருடர்களையும் சேர்த்தார்கள். விசாரணை இல்லாமலே ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். ரெய்டு வந்த அன்று நான் சாப்பிடப் போயிருந்தேன். கல்லாவில் உட்கார்ந்திருந்த கடைப் பையன் மாட்டினான். குண்டாஸ் போடவில்லை, சாதாரண வழக்கோடு போயிற்று. ஆனாலும் அவன் அம்மா என் வீட்டு வாசலில் வந்து நின்றதை நான் மறக்கவில்லை. மாதாமாதம் சரக்கு இறக்கிய ஆள் பெயர் கடைசிவரை எந்தத் தாளிலும் ஏறவில்லை. அதனால் எந்தச் சட்டத்தைப் படித்தாலும் கல்லாவில் இருப்பவன் யார், சரக்கு இறக்குபவன் யார் என்றுதான் முதலில் தேடுவேன்.

2023 சட்டத்தையே பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளுங்கள். பிரிவு 6ஏஏ தியேட்டரில் படம்பிடிப்பதைத் தடுக்கிறது. முழுப் படம் மட்டுமல்ல, 'அதன் ஒரு பகுதி' என்றும் இருக்கிறது. அங்கே சிவப்பு. பிரிவு 6ஏபி, திருட்டுப் பிரதியை 'லாபத்துக்காக' மக்களுக்குத் திரையிடுவதைத் தடுக்கிறது. அந்த ஒரு சொல்லுக்குப் பச்சை. தண்டனை மூன்று மாதத்துக்குக் குறையாமல் மூன்று ஆண்டு வரை. அபராதம் 3 லட்சத்தில் தொடங்கி, கணக்குத் தணிக்கை செய்யப்பட்ட மொத்தத் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை. 100 கோடி ரூபாய் படம் என்றால் உச்சம் 5 கோடி. போனைத் தூக்கிப் பிடித்த பையன் எத்தனை தலைமுறைக்குக் கட்டுவான்?

அதிகாரம் யார் கையில் என்பதையும் பாருங்கள். அமெரிக்காவில் 2011-ல் சோபா (SOPA) என்ற இணையத் திருட்டுத் தடுப்பு மசோதா வந்தபோது சண்டை திருட்டைப் பற்றியதல்ல, வெளிநாட்டுத் திருட்டுத் தளம் என்ற பெயரில் முழுத் தளத்தையே முடக்க வழி கொடுப்பதைப் பற்றி. 2012 ஜனவரி 18 அன்று ஆங்கில விக்கிப்பீடியா ஒரு நாள் முழுக்கத் தன்னைத் தானே இருட்டாக்கிக்கொண்டது. இரண்டே நாளில் மசோதாவை ஒத்திப்போட்டார்கள். அதே ஆண்டு இங்கேயும் நடந்தது. சென்னை உயர் நீதிமன்றம் தமிழ், தெலுங்குப் படங்களுக்காகக் கொடுத்த உத்தரவைக் காட்டி இணைய இணைப்பு தரும் நிறுவனங்கள் முழுத் தளங்களையே மூடின. திருட்டுப் பிரதி இருக்கும் குறிப்பிட்ட முகவரியை மட்டும் மூடினால் போதும் என்று நீதிமன்றமே ஜூன் மாதம் தெளிவுபடுத்த வேண்டியிருந்தது. வரைவில் 'தளம்' என்று இருக்கிறதா, 'பக்கம்' என்று இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வது இதனால்தான்.

இனி எழுதுவது. வருஷக்கணக்காக மனு எழுதிய கை சொல்கிறது: மனு வேறு, கருத்து வேறு. மனுவில் 'ஐயா அவர்கள் கருணை கூர்ந்து' என்று எழுதலாம், குடும்பக் கஷ்டம் சொல்லலாம். கருத்தில் அதெல்லாம் எடுபடாது. அங்கே நீங்கள் சொல்லை மாற்றச் சொல்கிறீர்கள். எந்தப் பிரிவு, அது யாரைப் போய்த் தாக்கும், பதிலுக்கு என்ன சொல் வேண்டும். மாதிரிக்கு:

"பிரிவு 6ஏஏ-இல் 'அதன் ஒரு பகுதி' என்பதற்கு அளவு சொல்லப்படவில்லை. முதல் காட்சியில் பத்து நொடி விசில் சத்தத்தைப் பிடித்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைக்கும் மாணவரும், முழுப் படத்தையும் பிடித்து விற்பவரும் ஒரே குறைந்தபட்சத் தண்டனைக்கு உள்ளாக நேரிடலாம். ஆகவே 'வணிக நோக்கில்' என்ற சொற்களைச் சேர்க்கக் கோருகிறேன்."

இப்படிப் பிரிவுக்கு ஒரு பத்தி. மொத்தம் இரண்டு பக்கம் தாண்ட வேண்டாம். 'அப்படியானால் திருட்டை ஆதரிக்கிறீர்களா' என்று எவரும் மடக்காமல் இருக்க, திருட்டு திருட்டுதான் என்று தொடக்கத்திலேயே ஒரு வரி போட்டுவிடுங்கள். எழுதி என்ன ஆகும் என்பவர்களுக்கு: 2021 வரைவில், சான்றிதழ் வாங்கிய படத்தையும் புகார் வந்தால் மத்திய அரசு மறுபடி தணிக்கைக்கு அனுப்பலாம் என்று ஒரு பிரிவு இருந்தது. சினிமாக்காரர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். 2023 சட்டத்தில் அது இல்லை.

தமிழில் எழுதலாமா? எழுதுங்கள், கூடவே ஆங்கிலப் பிரதியும் வையுங்கள். குறை சொல்லும் மனுவை நாட்டில் புழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்று அரசியல் சட்டத்தின் 350-வது பிரிவு சொல்கிறது. கருத்துக் கடிதம் குறை மனுவா என்று வக்கீல்கள் சண்டை போடட்டும். நான் அந்தப் பிரிவைக் குறிப்பிடாமல் விடுவதில்லை.

மெயிலும் அனுப்பி, ஸ்பீட் போஸ்டும் போடுங்கள். ரசீதைப் பிரதியோடு பின் அடித்து வையுங்கள். சில மாதம் கழித்து 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்துத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்: எத்தனை கருத்து வந்தது, என்னுடையது வந்து சேர்ந்ததா? 30 நாளில் பதில் தர வேண்டும்.

வாத்தியாருக்கு நான் இரண்டு தாள் எழுதினேன். ஒன்று யூடியூபுக்கு. பதிப்புரிமைச் சட்டத்தின் 38-வது பிரிவு கலைஞர் நிகழ்த்தியதற்கு 50 ஆண்டு உரிமை தருகிறது, அது கூத்துக்கும் பொருந்தும். இன்னொன்று டெல்லிக்கு. திருட்டுப் படத்தைப் பற்றிப் புகார் கொடுத்தால் 48 மணி நேரத்தில் நடவடிக்கை எடுக்க 2023 நவம்பரில் தனி அதிகாரிகளை அறிவித்தார்கள், சினிமாவுக்கு மட்டும். அடுத்த திருத்தத்தில் 'திரைப்படம்' என்பதோடு 'நிகழ்த்துகலைப் பதிவு' என்றும் சேர்க்க வேண்டும் என்று அதில் எழுதினோம். கையெழுத்துப் போடுமுன் எல்லாவற்றையும் உரக்கப் படிக்கச் சொன்னார். 'வணிக நோக்கில்' என்ற சொல் அவர் தாளிலும் வேண்டும் என்றார், ஊர்ப் பிள்ளைகள் ஆசைக்குப் பிடிக்கிறார்களாம், அவர்கள் மேல் கேஸ் வரக் கூடாதாம். மறுபடி டைப் அடித்தேன். அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை.