மாடு மாகாணத்தினது, புல் மத்தியினது: சீர்திருத்த மகஜர் எழுதுகிறவர்கள் விடும் தவறுகள்

போன மாதம் மட்டக்களப்பில் சில இளையவர்கள், அரசியலமைப்புச் சீர்திருத்தத்துக்கு ஒரு முன்மொழிவு எழுதிக் கொண்டுவந்து, "சேர், ஒருக்கால் பாத்துத் தாங்க" என்றார்கள். பதினொரு பக்கம். முதல் மூன்று பக்கமும் 1948 தொடக்கம் நடந்த வரலாறு. அப்புறம் நாலு பக்கத்துக்கு ஒரு சொல்லைச் சுற்றிய வாதம். ஊர் எட்டாம் பக்கத்தில்தான் வருகிறது. வாசிக்க வாசிக்கக் கூச்சமாக இருந்தது. 2016இல் நான் எழுதியதும் அச்சொட்டாக இப்படித்தான்.

எழுத்துப்பிழை, திகதிப்பிழையெல்லாம் இங்கே பேசப் போவதில்லை. அதை யாராவது திருத்தித் தருவார்கள்.

சொல்லைப் பிடித்துக்கொண்டு ஊரை விடுவது

2016 தொடக்கத்தில் லால் விஜேநாயக்க தலைமையிலான மக்கள் கருத்தறியும் குழு மாவட்டம் மாவட்டமாகப் போய்க் கருத்துக் கேட்டது. நாங்களும் ஒரு மகஜர் தயாரிக்கக் கூடினோம். பேனை என் கையில். பின்னேரம் மூன்று மணிக்குத் தொடங்கி ஏழு மணி வரை ஒரே விவாதம்: சமஷ்டி (கூட்டாட்சி) என்று எழுதுவதா, ஒற்றையாட்சி வேண்டாம் என்று மட்டும் எழுதினால் போதுமா?

இடையில் படுவான்கரைப் பக்கமிருந்து வந்த பண்ணையாளர் ஒருவர் எழும்பினார். மாட்டுப் பதிவுக் கடதாசிகளைச் சொப்பிங் பைக்குள் சுற்றி வைத்திருந்தார். "மனே, மயிலத்தமடுவுக்கு மாட்டைக் கொண்டு போக ஏலாமக் கிடக்கு. அதையும் ஒரு வரி போடுங்க" என்றார்.

"ஐயா, முதல்ல தீர்வு வரட்டும். தீர்வு வந்தா எல்லாம் வரும்." சொன்னது வேறு யாருமில்லை, நான்தான். அவர் ஒன்றும் பேசாமல் பையை முடிச்சுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். எங்கள் மகஜரில் சமஷ்டி ஏழு இடத்தில் இருந்தது. மேய்ச்சல் தரை ஓரிடத்திலும் இல்லை.

2017 செப்டெம்பரில் புதிய அரசியலமைப்புக்கான இடைக்கால அறிக்கை வந்தது. நாட்டின் தன்மைக்கு, சிங்களத்தில் 'ஏக்கிய ராஜ்ய' (வழக்கில் ஒற்றையாட்சி என்று விளங்குவது), தமிழில் 'ஒருமித்த நாடு'. உடனே எல்லாரும் அந்த இரண்டு சொல்லுக்குள் இறங்கிவிட்டோம். தெற்கில் நாடு பிரியுது என்றார்கள். எங்கள் பக்கம் ஏமாற்று என்றார்கள். காணி பற்றி அதில் என்ன இருந்தது என்று நான் கேட்ட ஒருவரும் வாசித்திருக்கவில்லை. 2018 ஒக்டோபர் அரசியல் குழப்பத்தோடு அந்த முயற்சியும் படுத்துவிட்டது.

2023 செப்டெம்பரில் மயிலத்தமடு, மாதவனைப் பண்ணையாளர்கள் தங்கள் மேய்ச்சல் தரைக்காகச் சித்தாண்டியில் தெருவோரம் போராட்டத்துக்குக் குந்தினார்கள். அதற்குப் பிறகுதான் மாகாண சபைகளைக் கொண்டுவந்த 13ஆம் திருத்தத்தில், மத்திக்கும் மாகாணத்துக்கும் அதிகாரம் பிரிக்கும் ஒன்பதாம் அட்டவணையை வரி வரியாக வாசித்தேன். அதுவரை அதைப் பற்றிப் பேசியதுதான், வாசித்ததில்லை. கால்நடை வளர்ப்பு மாகாண சபை நிரலில் இருக்கிறது. காணியும் அதே நிரலில்தான், ஆனால் ஒரு பின்னிணைப்புக்குக் கட்டுப்பட்டு. அந்தப் பின்னிணைப்பைத் திறந்தால், அரச காணி குடியரசுக்கே உரியது. ஒன்றுக்கு மேற்பட்ட மாகாணங்களைத் தொடும் நீர்ப்பாசன, குடியேற்றத் திட்டங்கள் மத்திய அரசின் பொறுப்பு. மயிலத்தமடுவை உள்ளடக்கிய மகாவலித் திட்டம் அந்த வகை. 2013இல் உச்ச நீதிமன்றமும் அரச காணி மத்தியிடமே என்று தீர்ப்பளித்தது. மாகாணங்களும் சேர்ந்து இருக்க வேண்டிய தேசிய காணி ஆணைக்குழு 1987 தொடக்கம் இன்றுவரை அமைக்கப்படவேயில்லை. போதாக்குறைக்கு, மத்திக்கு ஒதுக்கப்பட்ட நிரலின் தொடக்கத்திலேயே 'எல்லா விடயங்கள் மீதுமான தேசியக் கொள்கை' என்று ஒரு வரி. மாகாணத்துக்குக் கொடுத்த எதற்குள்ளும் அதை வைத்துக்கொண்டு நுழையலாம்.

ஆக, மாடு மாகாணத்தினது, அது மேயும் புல் மத்தியினது.

இதை நான் 2016இல் அறிந்திருந்தால் அந்த ஐயாவின் ஒரு வரியை ஒரு பக்கமாக எழுதியிருப்பேன். மேய்ச்சல் தரையை எல்லையிட்டு வர்த்தமானியில் போடுவது யார், மகாவலி அதிகார சபை மறுத்தால் மாகாணம் எங்கே முறையிடுவது, ஆணைக்குழுவை எத்தனை மாதத்துக்குள் அமைக்க வேண்டும் என்று. சமஷ்டி என்று தாராளமாக எழுதுங்கள், நானும் கையொப்பமிடுவேன். அதற்குக் கீழே எந்தக் கையெழுத்தில் காணி போகிறது, அந்தப் பேனை யாரிடம் மாற வேண்டும் என்றும் எழுதுங்கள். இளையவர்களின் பதினொரு பக்கத்திலும் அது இல்லாததுதான் எனக்கு எரிச்சல்.

முஸ்லிம்களைக் கடைசியில் கையொப்பத்துக்குக் கூப்பிடுவது

ஓட்டமாவடியில் எனக்குத் தெரிந்த ஒரு முஸ்லிம் காக்கா (அண்ணன்) இருக்கிறார். முடித்த மகஜரைக் கொண்டு போனேன். "எழுதி முடிச்சிட்டு வாறீங்க. நாங்க என்ன, சாட்சிக் கையெழுத்தா?" என்றார். உள்ளே எல்லா இடத்திலும் 'தமிழ் பேசும் மக்கள்' என்று போட்டிருந்தோம். அதில் தாங்களும் அடக்கம் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லையாம்.

வடகிழக்கு இணைப்பைப் பற்றி அவர் கேட்ட கேள்விக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. 2006 உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் கிழக்கு தனி மாகாணமானது. அதன் பிறகு வந்த மூன்று முதலமைச்சர்களில் இருவர் முஸ்லிம்கள். "இணைஞ்ச மாகாணத்தில அது நடக்குமா?"

முதல் கூட்டத்துக்கே கூப்பிடுங்கள். சண்டை வரும். வரட்டும்.

வாக்கு முறையைப் பின்னிணைப்பில் தள்ளுவது

கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதே வருடம் தேர்தல் முறையை மாற்றிச் சட்டம் வந்தது. அதற்கான எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் நாடாளுமன்றத்துக்குப் போய், ஆதரவாக ஒரு வாக்குமில்லாமல் 139 வாக்குகளால் தோற்றது. கொண்டுவந்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். மாகாண சபைத் தேர்தல் அன்று சிக்கியதுதான். பழைய முறையை நீக்கும்போது புதியது தயாராக இருக்க வேண்டும் என்று ஒரு வரி சட்டத்தில் இருந்திருந்தால் இந்தக் கதை இல்லை.

அம்பாறைக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2020 நாடாளுமன்றத் தேர்தலில் திகாமடுல்ல (அம்பாறை) மாவட்டத்தின் 7 ஆசனங்களில் ஒன்றுக்கும் தமிழர் தெரிவாகவில்லை. தமிழர் வாக்கு பிரிந்தது, அவ்வளவுதான். தேசியப் பட்டியலால்தான் ஒருவர் உள்ளே போனார்.

பிரதேச சபையையும் பிரதேச செயலகத்தையும் குழப்புவது

சபைக்கு நீங்கள் வாக்களிக்கிறீர்கள். செயலகம் கொழும்பினது.

ஆளுநரை மறப்பது

சபை இல்லாத காலத்தில் மாகாணமே அவர் கையில்.

பதினொரு பக்கம்

நாலு போதும்.

சிங்களப் பிரதியைச் சரிபார்க்காமல் கொடுப்பது

சிங்களத்தில் ஆக்கிய பிறகு, வேறொருவரிடம் கொடுத்துத் திரும்பத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். எங்கள் 'மேய்ச்சல் தரை' ஒருமுறை 'புல் வளர்க்கும் பூங்கா' என்று திரும்பி வந்தது.