யூவி-கே5 செட்டை நோண்டலாம் வாங்க: காலிபிரேஷன் முதல் விண்வெளி நிலையம் வரை

ஹாம் ரேடியோவுக்கு (உரிமம் பெற்ற ஆர்வலர்கள் பொழுதுபோக்காக நடத்தும் வானொலித் தொடர்புக்கு) புதிதாக வருகிறவர்கள் கையில் இப்போது அதிகம் தென்படுகிற செட் குவான்ஷெங் யூவி-கே5. விலை குறைவு என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், இதை நோண்டுவது சுலபம். பிகே4819 என்ற ஒரே சிப் ரேடியோ வேலையில் பெரும்பகுதியைப் பார்த்துக்கொள்கிறது. அதை ஆட்டிவைப்பது ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலர். அதில் ஓடும் ஃபர்ம்வேரை (செட்டை இயக்கும் நிரலை), செட்டைத் திறக்காமலே, ஒரு கேபிள் போட்டு மாற்றிவிடலாம். 2023-ல் டூயல்டேக்கியான் என்ற புனைபெயர்க்காரர் அந்த ஃபர்ம்வேரைத் தானே திரும்ப எழுதி, மூலநிரலோடு வெளியிட்டார். பிறகு ஆளாளுக்குக் கைவைத்தார்கள். நாம் இங்கே பார்க்கப்போவது எக்ஸுமர் என்பவரின் பதிப்பு. இதைவிடப் புதியவை உண்டு; ஆனால் தொடக்கக்காரரை இதன் மெனு அவ்வளவாகக் குழப்பாது.

உரிமம் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் பேசுவதற்கு மட்டுமல்ல, இப்படியொரு செட்டை வைத்திருப்பதற்கே உரிமம் வேண்டும். 12 வயது நிறைந்தால் தேர்வு எழுதலாம். தொடக்க நிலையான ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் கிடையாது, வியூ3 (VU3) வரிசையில் கால்சைன், அதாவது வானலையில் உங்கள் அடையாளப் பெயர், கிடைக்கும். கால்சைன் வந்தபிறகு மேலே படியுங்கள்.

படி 1: செட்டும் கேபிளும்

செட்டின் பக்கவாட்டில் இருக்கும் யூஎஸ்பி-சி துளையைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அது சார்ஜ் ஏற்ற மட்டும்தான். கம்ப்யூட்டரோடு பேச, மைக்-இயர்போன் செருகும் இரட்டைத் துளையில் பொருந்தும் கென்வுட் வகை புரோகிராமிங் கேபிள் தேவை. பல பேருக்கு இங்கேதான் தடுக்கும்: பிளக் உள்ளே போனதுபோல் தெரியும், ஆனால் பிளாஸ்டிக் உறை இடித்து ஒரு மில்லிமீட்டர் வெளியே நிற்கும். 'டிக்' என்று உட்காரும்வரை அழுத்துங்கள். அப்படியும் உட்காரவில்லை என்றால் பிளக்கைச் சுற்றிய பிளாஸ்டிக் ஓரத்தைக் கத்தியால் லேசாகச் சீவிவிடலாம். "சாஃப்ட்வேர் வேலை செய்யவில்லை" என்று வருகிற புகாரில் நிறைய இந்த ஒரு மில்லிமீட்டர்தான்.

இன்னொரு எச்சரிக்கை. அண்மையில் வந்த சில புதிய வகைகளில் உள்ளிருக்கும் மைக்ரோகன்ட்ரோலரே வேறு. பெயரும் உருவமும் ஒன்றுபோல் இருக்கும், ஃபர்ம்வேர் பொருந்தாது. வாங்கும்போதே பழைய வகையா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 2: காலிபிரேஷனை எடுத்து வையுங்கள்

ஃபர்ம்வேர் ஏற்ற ஐந்து நிமிடம்கூட ஆகாது. இந்தப் பதிவில் நான் வலியுறுத்தவேண்டியது எல்லாம் அதற்கு முந்தைய இந்த வேலையைத்தான்.

செட்டுக்குள் 8 கிலோபைட் அளவில் ஈஈபிராம் என்ற நினைவகம் இருக்கிறது. நீங்கள் பதியும் சேனல்கள், மெனு அமைப்புகள் எல்லாம் அங்கேதான். அதன் கடைசி 512 பைட்டில் தொழிற்சாலையில் அளந்து பதித்த எண்கள், அதாவது காலிபிரேஷன், இருக்கின்றன: எந்த பேண்டில் (அதிர்வெண் வரிசையில்) எவ்வளவு பவர், சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச் எந்த அளவில் திறக்கவேண்டும், பேட்டரி வோல்டேஜை எப்படிக் கணக்கிடுவது, கிரிஸ்டல் எத்தனை ஹெர்ட்ஸ் தள்ளி நிற்கிறது. இந்த எண்கள் செட்டுக்குச் செட் மாறும். நண்பருடைய ஃபைலை வாங்கி ஏற்றினால் செட் ஓடும். ஆனால் பவர் தப்பு, ஸ்குவெல்ச் தப்பு, அதிர்வெண்ணும் கொஞ்சம் தப்பு. அளவுக்கருவிகள் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்து இதைச் சரிசெய்ய முடியாது.

அதனால் செட்டை வழக்கம்போல் ஆன் செய்யுங்கள். கேபிளைச் செருகுங்கள். குரோம் உலாவியில் எக்ஸுமரின் யூவி-டூல்ஸ் பக்கத்தைத் திறந்து, காலிபிரேஷன் பேக்கப், கான்ஃபிக் பேக்கப் இரண்டையும் எடுங்கள். ஃபயர்ஃபாக்ஸில் முயன்று நேரத்தை வீணாக்கவேண்டாம். சீரியல் போர்ட்டைத் தொடும் வசதி குரோம், எட்ஜ் வகை உலாவிகளில்தான் நம்பி இறங்கும்படி இருக்கிறது. ஃபைலுக்குச் செட்டின் வரிசை எண்ணையே பெயராக வைத்து, ஒரு நகலை உங்களுக்கே மெயில் அனுப்பிவிடுங்கள்.

படி 3: ஃபர்ம்வேர் ஏற்றுதல்

செட்டை அணையுங்கள். பேசும்போது அழுத்தும் பிடிடி பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே வால்யூம் குமிழைத் திருப்பி ஆன் செய்யுங்கள். திரை இருட்டாகவே இருக்கும், மேலே டார்ச் விளக்கு எரியும். பயப்படவேண்டாம், அப்படித்தான் இருக்கவேண்டும். பேக்கப் எடுக்கச் செட் சாதாரணமாக ஓடவேண்டும், ஃபர்ம்வேர் ஏற்ற டார்ச் எரியவேண்டும். இந்த இரண்டையும் மாற்றிச் செய்துவிட்டுக் கேபிளைக் குறை சொல்கிறவர்கள் உண்டு.

உலாவியில் ஃபர்ம்வேரைத் தேர்ந்து ஃபிளாஷ் பொத்தானை அழுத்துங்கள். 100% வரும்வரை எதையும் தொடாதீர்கள். நடுவில் கரண்ட் போனாலும் குடி முழுகிப்போய்விடாது. தொடக்க நிரல் தனியாக இருப்பதால் மறுபடி பிடிடி பிடித்து ஆன் செய்து திரும்ப ஏற்றலாம்.

படி 4: மறைந்திருக்கும் மெனு

பிடிடி, அதன் கீழே உள்ள முதல் பக்கப் பொத்தான், இரண்டையும் சேர்த்துப் பிடித்து ஆன் செய்தால் மெனுவின் கடைசியில் சில கூடுதல் வரிகள் தெரியும். பேட்டரி வகையை 1600 அல்லது 2200 என்று உங்களுடையதற்கு ஏற்ப வையுங்கள். இல்லையென்றால் சார்ஜ் சதவீதம் கதைவிடும்.

அடுத்து எஃப்-லாக். செட் எந்த அதிர்வெண்களில் ஒலிபரப்பலாம் என்பதை இது தீர்மானிக்கிறது. இதில் 'அன்லாக் ஆல்' என்று ஒன்று இருக்கிறது, யூடியூபில் பாதிப்பேர் முதலில் அதைத்தான் காட்டுவார்கள். தொடாதீர்கள். இந்தச் செட்டின் வெளியீட்டு ஃபில்டர்கள் 2 மீட்டர் (144 மெகாஹெர்ட்ஸ் பக்கம்), 70 சென்டிமீட்டர் (430 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) பேண்டுகளை மனதில் வைத்து அமைந்தவை. வேறு இடத்தில் பிடிடி அழுத்தினால் நீங்கள் கேட்ட அதிர்வெண்ணோடு அதன் மடங்குகளிலும் குப்பை பறக்கும், அங்கே யார் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. நமக்கு அனுமதி 144–146, 434–438 மெகாஹெர்ட்ஸ். பட்டியலில் 'சிஇ ஹாம்' என்பது 144–146, 430–440 தருகிறது. நம் நிலைமைக்கு நெருக்கமானது அதுதான். யூஎச்எஃப், அதாவது 430-440 பக்கத்து ஓரங்களை மட்டும் நீங்கள்தான் பார்த்துக்கொள்ளவேண்டும்.

படி 5: கேட்கப் பழகுங்கள்

எஃப் விசையையும் 5-ஐயும் அழுத்தினால் ஸ்பெக்ட்ரம் திரை வரும். இந்த ஃபர்ம்வேரை ஏற்றுவதற்கே பலருக்குக் காரணம் இதுதான், எனக்கும். 433.920 மெகாஹெர்ட்ஸுக்குப் போய், கைக்குக் கிடைத்த கார் சாவியையோ கேட் ரிமோட்டையோ அருகில் வைத்து அழுத்துங்கள். பல ரிமோட்டுகள் அங்கேதான் வேலை செய்கின்றன. தட்டையாக நெளிந்துகொண்டிருந்த கோட்டின் நடுவே ஒரு முள் எழும்பி விழும். ரிமோட்டை அடுத்த அறைக்குக் கொண்டுபோய் அழுத்தச் சொல்லுங்கள். முள் எவ்வளவு குட்டையாகிறது என்று பாருங்கள். ஆண்டெனாவைச் சாய்த்துப் பாருங்கள். புத்தகத்தில் போலரைசேஷன் என்று படித்தது இந்தச் சின்னத் திரையில் தெரியும்.

பிறகு உங்கள் ஊர் ரிப்பீட்டர், அதாவது நம் குரலை வாங்கி வேறு அதிர்வெண்ணில் திரும்ப ஒலிபரப்பும் நிலையம். அதிர்வெண், ஷிஃப்ட் (கேட்கும் அதிர்வெண்ணிலிருந்து பேசும் அதிர்வெண் எவ்வளவு தள்ளி என்பது), டோன் (ரிப்பீட்டரைத் திறக்கக் குரலோடு அனுப்பும் தாழ்ந்த ஒலி) மூன்றையும் உள்ளூர் ஹாம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். விஎச்எஃபில் (2 மீட்டர் பேண்டில்) பெரும்பாலும் 600 கிலோஹெர்ட்ஸ் கீழே ஷிஃப்ட். ஓரிரு நாள் வெறுமனே கேளுங்கள். பேசும்போது பிடிடி அழுத்தி ஒரு நொடி விட்டுத் தொடங்குங்கள், இல்லையென்றால் கால்சைனின் முதல் எழுத்து காணாமல் போகும். செட்டை வாயிலிருந்து நான்கு விரல் தள்ளிப் பிடித்தால் போதும், கத்தவேண்டாம்.

படி 6: மேலே பறக்கும் ரிப்பீட்டர்

சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஹாம்களுக்கென்று ஒரு ரிப்பீட்டர் 2020 முதல் இருக்கிறது. நாம் 145.990-ல் 67 ஹெர்ட்ஸ் டோனோடு பேசினால் அது 437.800-ல் திருப்பி ஒலிபரப்பும். நிலையம் ஏறக்குறைய 400 கிலோமீட்டர் உயரத்தில் நொடிக்கு 7 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. அதனால் டாப்ளர் விளைவில் நமக்குக் கேட்கும் அதிர்வெண் தொடக்கத்தில் 10 கிலோஹெர்ட்ஸ் மேலே இருந்து, போகும்போது அதே அளவு கீழே இறங்கும்.

இதற்கு, செட்டில் சேனல்களைப் பதிய உதவும் சர்ப் (CHIRP) மென்பொருளில் ஐந்து சேனல் போடுங்கள்: 437.810, 437.805, 437.800, 437.795, 437.790. எக்ஸுமர் பதிப்புக்கெனத் தனித் தேர்வு அதில் இருக்கிறது. ஷிஃப்ட் எல்லாவற்றிலும் மைனஸ். அளவு முறையே 291.820, 291.815, 291.810, 291.805, 291.800. எதைக் கழித்தாலும் 145.990 வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அனுப்பும் டோன் 67.0, வாங்கும் டோன் வேண்டாம். ஸ்குவெல்ச் 0 அல்லது 1.

நிலையம் வரும் நேரத்தை ஏதாவது ஒரு சாட்டிலைட் ஆப்பில் பார்த்து மொட்டை மாடிக்குப் போங்கள். நல்ல பாஸ் (நிலையம் நம் வானத்தைக் கடக்கும் ஒரு முறை) என்றால் 10 நிமிடம். ரப்பர் ஆண்டெனாவின் நுனியை நிலையத்தை நோக்கி நீட்டாதீர்கள், நுனித் திசையில் அதற்குச் சக்தி மிகக் குறைவு. பக்கவாட்டு உடம்பு நிலையத்தைப் பார்க்கும்படி சாய்த்து, இரைச்சல் குறையும் கோணத்தைக் காதால் தேடுங்கள். முதல் சேனலில் தொடங்கி, குரல் கரகரக்கத் தொடங்கியதும் அடுத்ததற்கு மாறுங்கள். இந்தச் செட் ஒரே சமயத்தில் பேசவும் கேட்கவும் செய்யாது. உங்கள் குரல் போய்ச் சேர்ந்ததா என்று இன்னொருவர் பதில் சொன்னால்தான் தெரியும்.

சொல்லவேண்டியது கால்சைனும், நீங்கள் இருக்கும் இடத்தைக் காட்டும் கிரிட் எண்ணும் மட்டுமே. சென்னை என்கே03, மதுரை எம்ஜே99, கோவை எம்கே81. நலம் விசாரிக்க அங்கே நேரமில்லை, கீழே நூறு பேர் காத்திருப்பார்கள். இரண்டு மூன்று பாஸிலும் எதுவும் கேட்கவில்லை என்றால் செட்டைச் சந்தேகப்படுவதற்கு முன் 145.825-ஐத் திறந்து பாருங்கள். அங்கே குறட்டைபோல் டேட்டா சத்தம் வந்தால் விண்வெளி நிலையத்து ரேடியோ அன்றைக்கு (குரலுக்குப் பதில் டேட்டா அனுப்பும்) பேக்கெட் முறையில் இருக்கலாம்.