10 மி.மீ. படைக்குப் பெயின்ட் அடிப்பது
மேசைப் போர் விளையாட்டுக்கான பொம்மைப் படையில், 10 மி.மீ. உயர ஓர்க் (கற்பனைக் கதைகளில் வரும் அரக்க இனம்) வீரனுக்குக் கண் வரைய உட்காராதீர்கள். மேசையிலிருந்து மூன்றடி தள்ளிப் பார்க்கும்போது தெரியப்போவது படைதான், தனி ஆள் இல்லை. ஐஸ் குச்சியில் பத்துப் பத்தாக ஒட்டி, கறுப்பு பிரைமர் (அடிப்பூச்சு) அடித்து, காய்ந்ததும் சாம்பல் நிறத்தை பிரஷ்ஷில் தொட்டு, பழைய துணியில் கிட்டத்தட்ட முழுக்கத் துடைத்துவிட்டு மேலாக உரசுங்கள், மேடெல்லாம் எழுந்து வரும். அப்புறம் தோல், துணி, இரும்பு என்று மூன்றே நிறம், கொஞ்சம் தூக்கலாக. கடைசியில் பழுப்பு வாஷ், அதாவது பள்ளங்களில் இறங்கும் நீர்த்த பெயின்ட்.

சேலம் வெயிலில் அக்ரிலிக் பெயின்ட், கலக்கும் தட்டிலேயே ஆடை கட்டிவிடும். ஈரத்துணி மேல் பட்டர் பேப்பர் விரித்து அதில் கலக்குங்கள். ஏற்காடு பனிமூட்டத்தில் ஒருமுறை ஸ்பிரே பிரைமர் அடித்தேன், நாற்பது குதிரைவீரர்களும் ரவையில் புரண்ட மாதிரி ஆனார்கள். அங்கே பிரஷ்ஷால் பூசும் பிரைமர்தான் சரி.